ஆர் எடுத்த படம்

மேனுஷா தாயின் கைபேசியில் எதையோ தட்டியதும் சுவரில் இருந்த தொலைக்காட்சி முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பாண்டா வந்து உட்கார்ந்தது. மூங்கில் தண்டொன்றைக் கரும்பு பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. "ஐயோ, கைக்குழந்தை மாதிரியெல்லே இருக்குது" என்று கிரிஜா அக்கா கன்னத்தில் கை வைத்தார். அவருடைய கணவர் பாலேந்திரா சோபாவின் நுனிக்கு நகர்ந்து வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நித்தியானந்தன் எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றார்.

"இதுகளைப் பாக்கிறதெண்டால் விடியக் காலமை போகவேணும் அண்ணை. வெயில் ஏறினால் எல்லாம் உள்ள போய்ப் படுத்திடும்."

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற சிவகௌரிக்கு அது முதலில் யார் சொன்னது என்று தெரியும். சீனாவில், செங்டு நகரத்தில் அவர்களைக் கூட்டிக்கொண்டு திரிந்த வழிகாட்டிப் பெண் சொன்னது. போகட்டும். அந்த இடத்துக்கு நித்தியானந்தன் வந்தது உண்மை, பாண்டாவைப் பார்த்ததும் உண்மை. இன்னும் சில படங்கள் தாண்டினால் அந்த உண்மை முடிந்துவிடும். அதற்குள் சோற்றை இறக்கிவிட வேண்டும் என்று அவள் உள்ளே போனாள்.

அந்தப் பயணம் மேனுஷா கொடுத்தது. சிவகௌரிக்கும் நித்தியானந்தனுக்கும் முப்பதாவது கல்யாண நாளுக்கு. பிரிஸ்டலில் மருந்துக்கடையொன்றில் மருந்தாளராக இருக்கும் மகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, விமான ரிக்கற் எல்லாம் எடுத்தாயிற்று என்று மட்டும் சொன்னாள். "பாரிஸுக்கு அனுப்பினால் அப்பா அடுத்த நாளே கடையைத் திறக்க ஓடி வந்திடுவார். தூரமா அனுப்பினால்தான் திரும்பி வரேலாது" என்று சிரித்தாள். அவள் சொன்னதில் பிழையில்லை. மிச்சம் என்ற அந்த ஊரில், பஸ் தரிப்புக்கு எதிரே அவர்களுடைய கடை திறந்து இருபது வருடத்துக்கு மேல். அது பூட்டிக் கிடந்த நாட்களை நினைவில் வைத்துச் சொல்லிவிடலாம். பாரிஸுக்குப் போயிருக்கிறார்கள், டொரொன்டோவுக்குப் போயிருக்கிறார்கள். எல்லாம் கல்யாணமும் செத்தவீடும். விமான நிலையத்திலிருந்து ஒரு சொந்தக்காரர் வீடு, அங்கிருந்து மண்டபம், மண்டபத்திலிருந்து இன்னொரு சொந்தக்காரர் வீடு. எந்த ஊருக்குப் போனாலும் கதவைத் திறந்தால் அதே புட்டும் அதே கதையும்தான்.

கடையில் சிவகௌரிக்குப் பெயர் கிடையாது. வெள்ளைக்காரர்களுக்கு 'லவ்'. தமிழ்ப் பிள்ளைகளுக்கு 'கடை அன்ரி'. மற்றவர்களுக்கு நித்தி அண்ணையின்ர மனுசி. அவளைப் பார்க்கும் எவருக்கும் அவளிடமிருந்து ஏதாவது வேண்டும்: சிகரெட், பால், லொத்தர்ச் சீட்டு, மின்சாரக் கார்டுக்குக் காசு ஏற்றுவது. நித்தியானந்தனுக்கு அப்படியில்லை. அவர் அந்த வட்டாரத்தில் ஒரு ஆள். கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தாலும், பெனிபிட் காசு நின்றாலும், விசாவுக்கு எழுதவேண்டுமென்றாலும் சனம் அவரைத் தேடி வரும். கவுண்டரில் சாய்ந்துகொண்டு, கண்ணாடியை இறக்கி, "இதொண்டும் பெரிய விசயமில்லை" என்று அவர் சொன்னால் வந்தவரின் தோள் தளர்ந்து கீழே இறங்கும். அதைப் பார்க்க அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த மனிதரைத்தான் செங்டு முதல் நாளிலேயே ஒடித்துப்போட்டது.

காலையில் பாண்டாக்கள். மத்தியானம் வெயிலில் ஒரு கடைத்தெரு, சிவப்புக் கூரைகள், சர்க்கரைப் பாகில் டிராகன் கீறி விற்கும் ஒருவர். அங்கே நித்தியானந்தன் குடிக்க எலுமிச்சைத் தேநீர் கேட்டார். அந்த நகரத்தில் யாரும் கையில் காசு எடுப்பதில்லை; கைபேசியைக் காட்டவேண்டும். மேனுஷா இருவருடைய கைபேசியிலும் அதை ஏற்றிக் கொடுத்திருந்தாள். சிவகௌரியுடையது வேலை செய்தது. அவருடையது வங்கியோ எதுவோ மறித்து, சிவப்பு எழுத்தில் ஏதோ காட்டிக்கொண்டே இருந்தது. அவர் மறுபடியும் மறுபடியும் நீட்டினார். "நான் குடுக்கிறன்" என்று சிவகௌரி முன்னுக்கு வந்தபோது கையால் தடுத்தார். கடைசியில், விற்கும் பெண், பதினெட்டு வயதுகூட இராது, கோப்பையை அவர் பக்கம் தள்ளி, காசு வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அன்பாகத்தான் செய்தாள். அவர் அந்தக் கோப்பையைக் குடிக்காமல் நெடுநேரம் காவிக்கொண்டு திரிந்ததைச் சிவகௌரி பார்த்தாள்.

பின்னேரம் ஹொட்பொட். மேசை நடுவில் சட்டி கொதிக்க, செத்தல் மிளகாய் மேலே மிதக்க, வழிகாட்டிப் பெண் இறைச்சியையும் காளானையும் தாமரைக் கிழங்கையும் போட்டுப் போட்டு எடுத்துத் தந்தாள். மிளகாய் எங்களுக்குப் புதுசோ என்று நித்தியானந்தன் பெரிய கவளமாக வைத்தார். நாலாவது வாயில் அவருடைய முகம் மாறியது. சட்டியில் கிடந்தது மிளகாய் மட்டுமல்ல. சிவந்த, சின்ன, வெடித்த ஒரு மிளகும் கிடந்தது. அது உறைக்காது, விறைக்க வைக்கும். அவர் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். நாக்கை வெளியே நீட்டி விரலால் கிள்ளினார். "கௌரி, எனக்கு வாய் விளங்கேல்லை" என்றார். அவருடைய அண்ணன் பாரிசவாதத்தில் போனவர். முதலில் வாய்தான் விறைத்தது என்று அந்தக் கதையை அவள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். "அம்புலன்சுக்கு அடி, அம்புலன்சுக்கு அடி" என்று அவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வழிகாட்டிப் பெண் ஓடிவந்து விசயத்தைப் புரிந்துகொண்டு, பக்கத்து மேசைக்கும் சொல்ல, சிரிப்பு மேசை மேசையாகப் பரவியது. ஒருவர் எழுந்து வந்து அவருடைய முதுகில் தட்டி, பாலைப்போல் ஏதோ ஒரு குடிவகையை நீட்டினார். ஒருவரும் ஏளனமாகச் சிரிக்கவில்லை. ஆனால் அவர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறுகையால் நாடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய நின்றார்.

அதற்குப் பிறகு அவர் ஹோட்டல் அறையை விட்டு வரவில்லை.

வழிகாட்டிப் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். கொண்டுபோன பிஸ்கட்டையும் சுடுதண்ணீர் ஊற்றும் நூடில்ஸையும் சாப்பிட்டார். திரைச்சீலையை இழுத்து மூடினார். சிவகௌரி ஒரு ஓரத்தை விலக்கிக்கொண்டு கீழே பார்ப்பாள். பத்தொன்பதாம் மாடி. யன்னல் நாலு விரல் அகலம்தான் திறக்கும். அதற்குள் மூக்கை வைத்தால் கீழே எங்கேயோ எண்ணெயில் பூண்டு பொரியும் மணம் வரும். சற்றுத் தள்ளி ஒரு பூங்கா, கறுத்த பச்சையில் மரங்கள். "உம்மை நான் போக வேண்டாம் எண்டு சொல்லேல்லை" என்பார் கட்டிலில் இருந்து. "ஆனால் போயிடாதையும்." அந்த இரண்டு வசனத்துக்கும் நடுவில் அவள் நின்றாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் நித்திரையானதும், கீழே போய் பிஸ்கட் வாங்கி வருவோம் என்றுதான் இறங்கினாள். ஹோட்டலை ஒட்டியே கடை இருந்தது. பிஸ்கட்டும் இருந்தது. அவள் அந்தக் கடையைத் தாண்டி நடந்தாள். ஏன் தாண்டினாள் என்று பிறகு அவர் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை, இன்றைக்கும் முடியாது. கால் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

பூங்காவுக்குள் சனம் ஆடியது. ஒலிபெருக்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வயதானவர்கள் சோடி சோடியாக ஆடினார்கள், இன்னொரு பக்கம் ஒருவர் தனக்காக மட்டும் பாடிக்கொண்டிருந்தார். ஒரு பாதை நீளத்துக்குத் தாள்கள் தொங்கின. எழுத்து ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இலக்கங்கள் விளங்கின, பிறந்த வருடம், உயரம். தாள்களுக்கு முன்னால் குடையோடு நின்ற தாய்மாரின் முகத்தைப் பார்த்ததும் மிச்சமும் விளங்கிவிட்டது: பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். ஆர்ச்வே முருகன் கோயிலில் தேர்த் திருவிழா அன்றைக்குக் கிரிஜா அக்கா மேனுஷாவைப் பற்றி விசாரிக்கும் அதே முகம். சிவகௌரிக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகச் சிரித்தாலும் அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது.

குளத்தங்கரையில் தேநீர்க்கடை. மூங்கில் கதிரைகள், மூடியுள்ள கிண்ணம், பக்கத்தில் ஒரு பிளாஸ்க் சுடுதண்ணீர். அதைக் கொடுத்துவிட்டுக் கடைக்காரர்கள் போய்விட்டார்கள். எழும்பச் சொல்லி ஒருவரும் வரவில்லை. காசுக்குக் காது துடைத்துவிடுகிற ஒருவர் நீளமான இரும்புச் சாமண இடுக்கியை ணங்கென்று தட்டிக்கொண்டு கதிரைகளுக்கு நடுவே போனார். அவளுடைய மேசையில் இன்னொரு பெண் வந்து இருந்தாள். அவளுடைய வயதுதான் இருக்கும், கட்டையாக வெட்டிய முடி, நகத்தில் சிவப்பு. சூரியகாந்தி விதைப் பையைப் பிரித்து நடுவில் வைத்தாள். கொஞ்ச நேரம் இருவரும் விதை கொறித்தார்கள். பிறகு அந்தப் பெண் தன் கைபேசியை நீட்டினாள். அதில் மொழிகளின் நீளமான வரிசை. சிவகௌரி விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போய்த் தமிழைக் கண்டுபிடித்துத் தொட்டாள். அந்தப் பெண் கைபேசிக்கு எதையோ சொன்னாள். அது ஒரு கணம் யோசித்துவிட்டு, செய்தி வாசிப்பவரின் குரலில் கேட்டது: "நீங்கள் தனிமையாக இருக்கிறீர்களா?"

தனியாக வந்தீர்களா என்றுதான் கேட்டிருப்பாள். இயந்திரத்தின் பிழை. ஆனாலும் சிவகௌரி அந்தப் பிழையான கேள்விக்கே மறுமொழி சொன்னாள். "இப்ப இல்லை" என்றாள். இயந்திரம் அதைச் சீனத்தில் சொன்னது. அந்தப் பெண் தலையாட்டி, எழுந்துபோய் இரண்டு கிண்ணத்தோடு வந்தாள். ஒன்றில் கண்ணாடிபோல் நடுங்கும் குளிர்ந்த ஜெலி, மேலே கறுத்தச் சீனிப்பாகும் கடலையும். மற்றதில் தடித்த நூடில்ஸ், சிவந்த எண்ணெய். சிவகௌரி நூடில்ஸை வாயில் வைத்தாள். முதலில் இனிப்பு, பிறகு உறைப்பு, பிறகு அது வந்தது. உதடு மெல்ல மெல்ல அவளுடையது இல்லாமல் போனது. நாக்கு நுனியில் மின்சாரம் ஓடியது. முதல் நாளிலும் அவளுக்கு இது நடந்ததுதான். ஆனால் அன்றைக்கு அவருடைய வாயைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. இப்போது தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தாள். இல்லாத உதட்டை இருக்கிறதா என்று தேடினாள். வயிற்றிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பி, நிற்காமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை வந்தது. அந்தப் பெண்ணும் சிரித்து, மேசையில் கிடந்த சிவகௌரியின் கைபேசியை எடுத்து, அந்த நேரத்தில்தான் படம் எடுத்தாள்.

ஹோட்டலுக்கு அவள் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நித்தியானந்தன் சப்பாத்துப் போட்டபடி கட்டில் விளிம்பில் இருந்தார். கோட் போட்டிருந்தார். இரண்டு பாஸ்போர்ட்டும் கையில். கீழே போய் நாலைந்து பேரிடம் கேட்டிருக்கிறார், ஒருவருக்கும் அவர் சொன்னது விளங்கவில்லை. தெரு முனைவரை போயிருக்கிறார். திரும்பி வர வழி தெரியாமல் நின்றவரை, ஹோட்டலில் வேலை செய்யும் ஒரு பெடியன் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருக்கிறான். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்து அவள் பிஸ்கட் பையோடு நின்றாள். அவர் ஏசவில்லை. அவளுடைய வயிற்றில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். முப்பது வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்தது அண்ணனுக்கு மட்டும்தான்.

"கௌரி, உம்மட கையைத் தாரும். இஞ்ச நடந்ததை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணும். பிள்ளைக்கும் சொல்லக்கூடாது."

அவள் கையை வைத்தாள். மிச்ச நாட்களை அவரோடு அறைக்குள்ளேயே இருந்தாள். அந்தப் பூங்கா யன்னலில் மட்டும் இருந்தது.

"அம்மா! இஞ்ச வாங்கோ, இதைப் பாருங்கோ."

மேனுஷா வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டதும் சிவகௌரி கத்தரிக்காய்க் கறியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். செங்டுவில் மீன் மணக்கும் என்று பெயர் வைத்து மீனே போடாமல் செய்யும் கத்தரிக்காய்; கிரிஜா அக்கா சீனச் சாப்பாடுதான் வேண்டும் என்று இரண்டு நாளாகத் தொலைபேசியில் ஒற்றைக் காலில் நின்றிருந்தார். திரையில் அவளே இருந்தாள். அவளுடைய தலையைவிடப் பெரிய தலை. வாய் விரிந்து, ஒரு கை உதட்டில், பின்னால் மூங்கில் கதிரைகளும் குளமும்.

"அம்மா, நீங்கள் இப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லை. சீரியஸ்லி. ஆர் எடுத்தது?"

கறிக் கிண்ணம் சூடாக இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் நித்தியானந்தன் சொன்னார்:

"நான்தான்."

"சூப்பர் அப்பா! உங்களுக்கு இப்பிடி எடுக்கத் தெரியுமெண்டு எனக்குத் தெரியாது."

"அந்தப் பூங்காவில எடுத்தனான். பின்னேரம் ரெண்டு பேரும் நடந்து போனனாங்கள். அங்க ஒரு தேத்தண்ணிக் கடை." அவர் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போனார். படத்தில் என்னென்ன தெரிந்ததோ அதையெல்லாம் சொன்னார். கதிரை மூங்கில் என்றார், கிண்ணத்துக்கு மூடி இருக்கும் என்றார். "நான் ஏதோ பகிடி விட்டன், அதுக்குத்தான் இவ சிரிக்கிறா."

"இந்தப் படத்தை நான் பெருசாப் போட்டு பிரேம் பண்ணித் தாறன்" என்றாள் மேனுஷா. அவளுடைய கண் கலங்கியிருந்தது. தன் பரிசு பலித்துவிட்டது என்ற சந்தோசம். சிவகௌரி கிண்ணத்தைச் சோபாவுக்கு முன்னால் தாழ்வாகக் கிடந்த கட்டை மேசையில் வைத்தாள். அந்தச் சிரிப்பைத் தன்னிடமிருந்து யாரோ கழற்றி எடுத்து, வேறொருவரின் பெயர் ஒட்டித் திருப்பித் தந்ததுபோல் இருந்தது. அதற்கு நன்றி சொல்லவேண்டும் போலவும் இருந்தது.

சாப்பாடு நடந்தது. பாலேந்திரா இரண்டாம் தரமும் கத்தரிக்காய் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுக் கோப்பையை வழித்தபடி, "நித்தி, ஒக்டோபரில நாங்கள் நாலு பேருமாப் போவம்" என்றார். "பெய்ஜிங், அந்தப் பெரிய மதில், எல்லாம் பாப்பம். எனக்கு இனி வேலையும் இல்லை, வெட்டியும் இல்லை. நீர் போய்ப் பழகின ஆள். நீர் முன்னால நடந்தால் நாங்கள் பின்னால வருவம்."

"ஓம் அண்ணை, போகலாம்தானே" என்றார் நித்தியானந்தன். சோற்றைப் பிசைந்த விரல்கள் நின்றுவிட்டன. கிரிஜா அக்கா அப்போதே தேதி பார்க்கத் தொடங்கினார்.

சிவகௌரி தண்ணீர் எடுக்க உள்ளே போனதும் அவர் பின்னால் வந்தார். கதவைச் சாத்தினார்.

"கௌரி, இதை எப்பிடியாவது நிப்பாட்ட வேணும்."

"நீங்கள்தானே ஓம் எண்டனீங்கள்."

"என்னெண்டு ஏலாதெண்டு சொல்லுறது? உமக்கு முழங்கால் ஏலாதெண்டு சொல்லுவம். உந்த நடை, படி, ஒண்டும் உம்மால ஏலாதெண்டு. ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்."

"எனக்கு முழங்காலில ஒண்டுமில்லை."

"தெரியும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "வேற வழி இருந்தால் சொல்லும், செய்வம்."

வேறு வழி இருந்தது. அந்த வழியில் அவர் தலைகுனிந்து நிற்கவேண்டும், பாலேந்திராவின் முன்னால், மகளின் முன்னால். கோட்டும் சப்பாத்துமாக அவர் கட்டிலில் இருந்த இருப்பு அவளுக்கு முன்னால் வந்தது. அவள் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். ஒன்றும் சொல்லாததை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அது அவர் வழக்கம், அப்படி எடுக்கவிட்டது அவள் வழக்கம்.

"அண்ணை, ஒரு விசயம்" என்றார் அவர், சோபாவில் இருந்து. "கௌரிக்கு முழங்கால் சரியில்லை. செங்டுவிலயே நல்லாக் கஷ்டப்பட்டிட்டா. அதுதான் யோசிக்கிறன்."

"அட பாவமே" என்றார் கிரிஜா அக்கா. "நீர் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே கௌரி."

மேனுஷா கைபேசியைக் கீழே வைத்தாள். "முழங்காலோ? எப்ப இருந்து? அம்மா, ஏன் எனக்குச் சொல்லேல்லை?" அவள் தாயைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். "நானும் ஒண்டு சொல்லுவம் எண்டு இருந்தனான். ஜூலையில எனக்கு லீவு இருக்கு. அந்தப் படத்தைப் பாத்ததில இருந்து யோசிக்கிறன், நானும் அம்மாவும் மட்டும் ஒருக்கா செங்டு போவம் எண்டு. அப்பா கடையைப் பாக்கட்டும். அம்மா எனக்கு அந்தப் பூங்காவைக் காட்டட்டும் எண்டு." பெருமூச்சு விட்டாள். "பரவாயில்லை. முதல்ல டொக்டரிட்டைக் காட்டுவம். கால்தான் முக்கியம்."

தொலைக்காட்சி தானாக இருண்டுவிட்டிருந்தது. நித்தியானந்தன் மகளைப் பார்க்கவில்லை, கம்பளத்தைப் பார்த்தார். பிறகு தலை தூக்கி சிவகௌரியைப் பார்த்தார். கெஞ்சல்தான், வேறொன்றும் அந்தப் பார்வையில் இல்லை. அவர் எதைக் கேட்டுவிட்டார் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்த பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

சாப்பிட்ட கோப்பைகள் எல்லாம் கட்டை மேசையில் கிடந்தன. சிவகௌரி எழுந்து மேசைக்குப் பக்கத்தில் போனாள். குனியவில்லை. இரண்டு பாதத்தையும் நிலத்தில் ஊன்றி, குந்தினாள். அடிவரைக்கும், குதி எழும்பாமல். கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மிச்சத்தை ஒன்றில் வழித்தாள். அடுக்கினாள். கரண்டிகளைப் பொறுக்கினாள். அவசரப்படவில்லை. எல்லாவற்றையும் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, எதையும் பிடிக்காமல், நேராக எழுந்தாள்.

"அம்மாடி" என்றார் கிரிஜா அக்கா. "எனக்கு இப்பிடிக் குந்தி எழும்ப ஏலாது கௌரி." சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. பாலேந்திரா இருமினார்.

"கால் நோவு வந்து வந்து போகும்" என்றார் நித்தியானந்தன்.

சிவகௌரி கோப்பைகளோடு உள்ளே போனாள். செய்த சத்தியத்தில் ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. ஆனால் கழுவிய கோப்பைகளையே மறுபடியும் கழுவினாள். ஏதோ பெரிதாக உடைத்துவிட்டாள் என்று தெரிந்தது. என்னவென்று தெரியவில்லை.

மேனுஷா புறப்படும்போது கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தாயின் காதருகில் வந்தாள். "உங்கட காலுக்கு ஒண்டுமில்லை, என்ன?"

"ஒண்டுமில்லை."

"அப்ப அப்பா ஏன்..."

"பிறகு கதைப்பம் பிள்ளை."

"ஜூலை?"

சிவகௌரி அவளுடைய கன்னத்தைத் தொட்டாள். கார் தெரு முடக்கால் திரும்பும்வரை நின்றாள்.

பின்னேரம் கடைக்கு இருவரும் நடந்து போனார்கள். தூறிக்கொண்டிருந்தது. அவர் குடையை அவள் பக்கம் சரித்துப் பிடித்தார். தேவாலயத்தைத் தாண்டும்போது, "சத்தியம் பண்ணினனீர்" என்றார்.

"நான் ஒண்டும் கதைக்கேல்லையே."

அதற்கு மேல் பேச்சு இல்லை. கடையில் பகலெல்லாம் நின்ற றொசாந்தி கோட்டை மாட்டிக்கொண்டு, ரொட்டி முடிஞ்சுது அன்ரி என்று சொல்லிவிட்டுப் போனாள். சிவகௌரி பலகைக் கதவைத் தூக்கிக் கவுண்டருக்குள் போய்க் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தன் முக்காலியில் இருந்தாள். பின்னால் சிகரெட் அலுமாரி, இடப்பக்கம் லொத்தர் இயந்திரம், வலப்பக்கம் சுவர். வழக்கமாக அவர் நேரே பின்னறைக்குப் போய்ப் பெட்டி உடைப்பார். இன்றைக்குப் போகவில்லை. ஈரக் குடையைக் கையில் வைத்துக்கொண்டு, சாமான் வாங்க வந்தவர்கள் நிற்கும் பக்கத்தில், கவுண்டருக்கு முன்னால் நின்றார்.

"அந்தப் படம்" என்றார். "ஆர் எடுத்தது?"

ஹோட்டலில் அவர் இதைக் கேட்டதில்லை. ஏன் போனீர், என்னை எப்படி விட்டுவிட்டுப் போனீர் என்றுதான் கேட்டார். அங்கே என்ன கண்டீர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"ஒரு பொம்பிளை."

"ஆர் அது?"

"பேர் தெரியாது. தேத்தண்ணிக் கடையில பக்கத்தில இருந்தவ."

அவர் தலையாட்டினார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவருடைய விரல்கள் கண்ணாடித் தடுப்பின் கீழே காசு கொடுக்கிற வெட்டுக்குள் வந்து நின்றன.

"என்னத்துக்கு அப்பிடிச் சிரிச்சனீர்?"

அவளுடைய வாய்க்குள் எல்லாம் இருந்தது: இனிப்பு, உறைப்பு, பிறகு உதடு காணாமல் போனது. அதைச் சொல்லலாம். எந்த விறைப்பு உங்களை அழவைத்ததோ அதற்குத்தான் நான் சிரித்தேன் என்று சொல்லலாம். சொன்னால் அவர் இந்த இடத்தில் எப்படி நிற்பார் என்று தெரியாது. அல்லது ஒரு கிழமை கழித்து இன்னொருவரின் வரவேற்பறையில் அதையும் தன்னுடையதாக்கி அவர் சொல்லுவதைக் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டி வரும். சொல்லாவிட்டால், அது உள்ளேயே கிடந்து ஒரு நாள் நடந்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியாமல் போகும். அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது.

கதவு மணி அடித்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்த ஒரு பெண் பாலும் முட்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள். நித்தியானந்தன் விலகி, பத்திரிகை அடுக்குப் பக்கம் ஒதுங்கி நின்றார். சிவகௌரி பாலை இயந்திரத்தில் காட்டினாள், முட்டையைக் காட்டினாள், மீதிக் காசைக் கொடுத்தாள். "தாங்க்ஸ் லவ்" என்று அந்தப் பெண் போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே ஈரத் தெருவில் பஸ்ஸின் வெளிச்சம் இழுபட்டுப் போனது.

அவர் மறுபடியும் அதே இடத்தில் வந்து, கண்ணாடிக்கு மற்றப் பக்கத்தில், அவளுடைய மறுமொழிக்காக நின்றார்.